மலைமேல் ஒரு குளிர்காலம்: பார்க்லி ஈஸ்ட் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், வடகிழக்கு மூலையில், லெசோத்தோ எல்லையை ஒட்டி, டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரின் தெற்குக் கோடியில் சில சின்ன ஊர்கள் இருக்கின்றன. பார்க்லி ஈஸ்ட், லேடி கிரே, ரோட்ஸ், எலியட். ஆட்டுப் பண்ணை, மண் சாலை, தகரக் கூரை வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடும் கடை. மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை கிடைத்து இந்தப் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்களும், ஜூலை விடுமுறையில் டர்பனிலிருந்து பனி பார்க்க வருபவர்களும் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பனி எப்போது பெய்யும்?"

கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இங்கே பனி பெய்வது வருடத்தில் சில நாள். குளிர் நான்கு மாதம். பனியைச் சமாளிக்க இரண்டு நாள் வீட்டுக்குள் இருந்தால் போதும். குளிரைச் சமாளிக்க மார்ச்சிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். அதனால் இதை மாதவாரியாகவே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன குளிர்?

பார்க்லி ஈஸ்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். ஊட்டி இதைவிட உயரம், 2,240 மீட்டர். ஆனால் ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து பதினொரு டிகிரியில் இருக்கிறது, நாம் இருப்பது தெற்கே முப்பத்தொரு டிகிரியில். ஊட்டிக் குளிரை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு ஸ்வெட்டரோடு வந்து இறங்குபவர்கள் முதல் வாரமே போர்வைக் கடைக்கு ஓடுவார்கள்.

இந்த மலைப்பகுதிக்கு மழை கோடையில்தான். குளிர்காலம் வறண்டது. வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருக்கும். பகலில் பதினைந்து டிகிரி வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்னலாம். சூரியன் மறைந்ததும் மேகப் போர்வை இல்லாத பூமி சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும். விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி சர்வ சாதாரணம். நமக்கு மேற்கே மால்டெனோ அருகில் இருக்கும் பஃபல்ஸ்ஃபான்டெய்னில் 2013 ஆகஸ்டில் மைனஸ் 20.1 டிகிரி பதிவானது. நாட்டிலேயே மிகக் குறைந்த பதிவு அது.

பனிப்பொழிவு என்பது வேறு கதை. தெற்குக் கடலிலிருந்து குளிர்க் காற்று முனை ஒன்று ஈரத்தோடு மலையேறினால்தான் பனி விழும். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை, சில வருடம் அக்டோபரில்கூட, எப்போது வேண்டுமானாலும் வரும். வராமலும் போகும். ஊருக்குள் விழுந்த பனி இரண்டு மூன்று நாளில் வெயிலில் கரைந்துவிடும். மலைச்சரிவில் மட்டும் வாரக்கணக்கில் கிடக்கும்.

வீடு பார்க்கும்போது: வடக்கு, வடக்கு, வடக்கு

நம் ஆட்கள் கிழக்கு வாசல் கேட்பார்கள். இங்கே முதலில் கேட்க வேண்டியது வடக்கு ஜன்னல். தென் அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானத்தில் தாழ்வாக நகரும். வடக்கு பார்த்த பெரிய ஜன்னல் இருந்தால் அந்த அறைக்குப் பகல் முழுவதும் இலவச ஹீட்டர். தெற்கு பார்த்த அறையில் ஜூன், ஜூலை முழுக்க ஒரு கீற்று வெயில்கூட விழாது. பழைய வீடுகளில் குளியலறையைத் தெற்கே கட்டி வைத்திருப்பார்கள். ஏன் என்று கட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வாடகை வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. மணற்கல் சுவர், உயரமான கூரை, மேலே தகரம். பார்க்க அழகு, சூடாக்கப் பெரும்பாடு. சாவி வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள். சீலிங்குக்கு மேலே வெப்பம் தடுக்கும் விரிப்பு போட்டிருக்கிறதா? கணப்பு அடுப்பின் புகைபோக்கி கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது? கீசர் கரண்டா, கூரைமேல் இருக்கும் சோலாரா? தண்ணீர்க் குழாய் மண்ணுக்கடியில் வருகிறதா, சுவரை ஒட்டி வெளியே ஓடுகிறதா? கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தயங்கினால் நீங்களே வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள்.

மார்ச், ஏப்ரல்: விறகு, காஸ், காய்ந்த சாமான்

விறகை ஏப்ரலுக்குள் வாங்கி அடுக்குங்கள். ஜூனில் வாங்கப் போனால் ஈர விறகுதான் கிடைக்கும், புகைந்து புகைந்து கண்ணைத்தான் கெடுக்கும். வாட்டில் மரம் நன்றாக எரியும், தணலும் நெடுநேரம் நிற்கும். நீலகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த மரத்தை நன்றாகத் தெரியும். யூகலிப்டஸ் வேகமாகப் பிடிக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். ஈர விறகு எரித்தால் புகைபோக்கிக்குள் தார் மாதிரி படிந்து, பிறகு ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். புகைபோக்கிச் சுத்தத்தையும் இந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

காஸ் சிலிண்டர் ஒன்பது கிலோ, பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று கிடைக்கும். சமையலுக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று, இருப்பில் ஒன்று. கடுங்குளிரில் சிலிண்டரின் அழுத்தம் குறைந்து ஜ்வாலை மெலிந்துபோகும். சிலிண்டர் காலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், வெயில் ஏறியதும் பழையபடி எரியும். சூடாக்குகிறேன் என்று அதன்மேல் வெந்நீர் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

மண்ணெண்ணெய் ஹீட்டர் பயன்படுத்துபவர்கள், எண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. இந்த நாட்டில் குழந்தைகள் அதைத் தண்ணீர் என்று குடித்து மருத்துவமனைக்கு வருவது பழைய சோகம்.

துணிமணிக்குப் பெரிய நகரத்து மால் தேவையில்லை. ஊரில் இருக்கும் விவசாயிகள் கோ-ஆப் கடைக்குப் போங்கள். ஆட்டுத் தீவனத்துக்கும் வேலிக்கம்பிக்கும் நடுவில் கம்பளிச் சாக்ஸ், ரப்பர் பூட்ஸ், கனத்த ஜாக்கெட் எல்லாம் தொங்கும். பண்ணையாட்கள் போடுவது அதைத்தான், அதனால் உழைக்கும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. சேலை கட்டுபவர்கள் உள்பாவாடைக்குப் பதில் தெர்மல் பேன்ட் போட்டுக்கொண்டு மேலே கட்டலாம். வெளியே ஒன்றும் தெரியாது, கோயிலுக்கும் போகலாம்.

மளிகையில் பருப்பு, புளி, உளுந்து, மசாலா எல்லாவற்றையும் டர்பன் போய் வரும்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள். மலைப்பாதை மூடினால் ஊர்க் கடையில் ரொட்டியும் பாலும்தான் முதலில் தீரும். அரிசியும் பருப்பும் வீட்டில் இருந்தால் நமக்கென்ன கவலை.

மே: குழாயைக் காப்பாற்றுங்கள்

முதல் உறைபனி விழும் மாதம். காலையில் புல் வெள்ளையாக, நடந்தால் நறநறவென்று சத்தம் கேட்கும். அன்றிலிருந்து உங்கள் எதிரி பனி இல்லை, வீட்டுக்கு வெளியே ஓடும் அந்த முக்கால் அங்குலக் குழாய்தான்.

தண்ணீர் உறையும்போது விரியும். குழாய்க்குள் அடைபட்டால் இணைப்பையோ வளைவையோ பிளந்துவிடும். பிளந்தது இரவில் தெரியாது, ஐஸே அதை அடைத்துக்கொண்டிருக்கும். காலை பத்து மணிக்கு வெயில் பட்டு உருகியதும்தான் சுவரெல்லாம் பீறிட்டு அடிக்கும். நீங்கள் அப்போது வேலையில் இருப்பீர்கள். இதைத் தடுக்கச் செய்ய வேண்டியவை:

வெளியே தெரியும் குழாய்களுக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நுரை உறையை மாட்டி, மேலே ஒட்டும் டேப் சுற்றுங்கள். வளைவுகளையும் மீட்டர் பக்கத்து இணைப்பையும் விட்டுவிடாதீர்கள், முதலில் போவது அவைதான். உறை கிடைக்காவிட்டால் பழைய கம்பளித் துணியைச் சுற்றி, நனையாமல் பிளாஸ்டிக் கட்டலாம். தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்து வையுங்கள். இரவில் மெயின் வால்விலிருந்து மிக தூரத்தில் இருக்கும் ஒரு தண்ணீர் டேப்பை மட்டும் மெலிதாகச் சொட்ட விடுங்கள். ஓடும் தண்ணீர் லேசில் உறையாது. அடியில் ஒரு வாளி வைத்தால் காலையில் பாத்திரம் கழுவ ஆயிற்று. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும்தான்.

குழாய் உறைந்தே போய்விட்டால் டேப்பைத் திறந்து வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரை டேப் பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாக நகர்த்தலாம். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். கூரைமேல் சோலார் கீசர் என்றால், அது உறைபனி தாங்கும் வகையா என்று நிறுவியவரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

காரைப் பொறுத்தவரை ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது, ஆன்டிஃப்ரீஸ் கலந்திருக்க வேண்டும். பேட்டரி பழையதென்றால் இப்போதே மாற்றுங்கள். காலையில் கண்ணாடிமேல் படிந்த ஐஸை வெந்நீர் ஊற்றிக் கழுவாதீர்கள், விரிசல் விடும். பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று போதும். இரவே கண்ணாடிமேல் பழைய போர்வை போட்டுவிட்டால் அதுவும் தேவையில்லை.

ஜூன், ஜூலை: ஒரு நாள் எப்படி ஓடும்

ஏழு மணிக்குத்தான் சூரியன் வரும். மாலை ஐந்தேகாலுக்கு மறைந்துவிடும். நடுவில் கிடைக்கும் பத்து மணி நேரத்தில்தான் எல்லாமே. ஒன்பது மணிக்கு வடக்குத் திரைகளை விலக்குங்கள். மூன்றரைக்கு, வெயில் இருக்கும்போதே, எல்லாத் திரையையும் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு மூடுவது, சூடு வெளியே போன பிறகு கதவு சாத்துவதுதான். துணியைப் பத்து மணிக்குக் காயப்போட்டு மூன்று மணிக்கு எடுத்துவிடுங்கள். விட்டால் சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கும்.

வீடு முழுவதையும் சூடாக்க முயல வேண்டாம். ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். கணப்பு, சாப்பாடு, வீட்டுப்பாடம், டிவி எல்லாம் அங்கேயே. கதவடியில் துணியைச் சுருட்டி வைத்துக் காற்றை அடையுங்கள். ஆனால் காஸ் ஹீட்டரோ மண்ணெண்ணெய் ஹீட்டரோ எரியும்போது ஒரு ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கட்டும். படுக்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும். கரித்தணல் போட்ட டின்னை, இங்கே இம்பாவுலா என்பார்கள், எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புகை அடங்கிய தணல் பாதுகாப்பானது என்று நினைப்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த நாட்டில் இப்படிச் சாவு விழுகிறது.

படுக்கைக்கு வெந்நீர்ப் பை நல்லது. கொதித்த நீரை அப்படியே ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். மின்போர்வை இருந்தால் படுக்கும் முன் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள்.

சமையலறைக்கு வருவோம். நம் வீடுகளில் குளிர் முதலில் தோற்கடிப்பது இட்லி மாவைத்தான். ஆட்டி வைத்த மாவு மறுநாளும் அப்படியே, சிலை மாதிரி இருக்கும். வழி இருக்கிறது. உளுந்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். அரைத்த மாவைக் கையால் நன்றாகக் கரையுங்கள். உப்பைக் குறைத்துப் போடுங்கள், மீதியைப் புளித்த பிறகு சேர்க்கலாம். அப்புறம் பாத்திரத்தை வொண்டர்பேக்கில் வைத்து, பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் பாட்டிலையும் சொருகி மூடுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான பை அது. பாதி வெந்த குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி உள்ளே வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து முடியும் என்பதற்காகச் செய்தது. இட்லி மாவுக்கு இவ்வளவு பொருந்தும் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு வைத்தால் காலை பதினொரு மணிவாக்கில் மாவு மூடியைத் தொடும். காலை டிபனுக்கு வேண்டுமென்றால் முந்தின நாள் மதியமே வைத்துவிட வேண்டியதுதான். தயிருக்கும் இதே வழி.

இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பினால் கொண்டைக்கடலை மதியம் வரை வேகாது. குக்கர் இல்லாமல் இந்த மலைக்கு வராதீர்கள். தேங்காய் எண்ணெய் மே முதல் செப்டம்பர் வரை கல்தான், அகலமான வாய் உள்ள பாட்டிலில் வாங்கினால் கரண்டியால் தோண்டி எடுக்கலாம். நல்லெண்ணெய் உறையாது. காற்றின் வறட்சியில் உதடும் குதிகாலும் வெடிக்கும், குளித்த ஈரத்தோடேயே எண்ணெய் தடவினால் நிற்கும்.

எச்சரிக்கை வந்தால்

தென்னாப்பிரிக்க வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும், ஒன்றிலிருந்து பத்து வரை நிலை எண்ணோடு. இந்த மலையில் "இடையூறு தரும் பனி" என்ற சொல்லோடு ஆரஞ்சு வந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். வேறு யோசனை வேண்டாம்.

எச்சரிக்கைக்கு முன்பே அறிகுறி தெரியும். நடுக்குளிரில் திடீரென ஒரு நாள் வடமேற்கிலிருந்து வறண்ட வெப்பக் காற்று அடித்து, ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். டர்பன் விருந்தாளிகள் "அக்கா, குளிர் போய்விட்டது!" என்று சந்தோஷப்படுவார்கள். அதற்குப் பின்னால்தான் குளிர் முனை வருகிறது. எங்கள் பக்கத்துப் பண்ணைப் பெரியவர், ஊம் (ஆஃப்ரிகான்ஸ் மொழியில் மாமா) என்று நாங்கள் கூப்பிடுபவர், போனையே பார்ப்பதில்லை. ஆடுகளை மேல் மேய்ச்சலிலிருந்து கீழே இறக்க ஆரம்பித்துவிடுவார். ரோமம் கத்தரித்த ஆடும் பிறந்த குட்டியும் ஒரே இரவுப் பனியில் போய்விடும் என்பதால் அவருக்கு இதில் விளையாட்டு கிடையாது. அவர் வண்டி மலைப் பக்கம் போவதைப் பார்த்தால் நாங்கள் கடைக்குப் போவோம்.

அன்று செய்ய வேண்டியவை: ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் ஏற்றுங்கள். போன், பவர் பேங்க், சார்ஜ் விளக்கு எல்லாம் நிரப்புங்கள். ஈரப் பனியின் எடையில் மின்கம்பி அறுந்தால் பண்ணைப் பக்கம் சரிசெய்ய நாட்கள் ஆகலாம், செல்போன் கோபுரமும் சில மணி நேரத்தில் உயிர் விடும். தண்ணீர் பிடித்து வையுங்கள், கரண்ட் இல்லாவிட்டால் பம்பும் இல்லை. மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு வாரத்துக்கு இருப்பு பாருங்கள். விறகை வாசல் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஊரே ஃபிரிட்ஜ்தான்.

2025 ஜூனில் வந்த புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. மேலே மலையில் பனி, அதே மழைமண்டலம் கீழே ம்தாத்தாவில் வெள்ளமாக இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். மலையில் பனி என்ற எச்சரிக்கை வந்தால் கீழே இருக்கும் உறவுக்காரர்களுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பனி விழுந்த நாள்

இரவில் விழுந்தால் சத்தமே கேட்காது, தகரக் கூரையில்கூட. காலையில் அறை வழக்கத்தைவிட வெளிச்சமாக இருக்கும், அதை வைத்துத்தான் தெரியும். பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியாது, சரி, விடுங்கள். ஆனால் ஜீன்ஸ் போட்டு விடாதீர்கள், நனைந்தால் காயாது. ரப்பர் பூட்ஸ், அதற்குள் கம்பளிச் சாக்ஸ், கையுறை நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி. அரை மணிக்கு ஒருமுறை உள்ளே கூப்பிட்டு விரல்களைப் பாருங்கள். வெளுத்து மரத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், தீயில் காட்டக் கூடாது. வெயில் வந்ததும் கண்ணாடியும் சன் கிரீமும் வேண்டும். உயரமும் பனியின் எதிரொளிப்பும் சேர்ந்து மதியத்துக்குள் மூக்கைத் தோலுரித்துவிடும், நம் நிறத்துக்கும்தான்.

வண்டியைத் தொடாதீர்கள். பார்க்லி பாஸ், என்6 நெடுஞ்சாலையின் பென்ஹூக் பாஸ் என்ற மலைக் கணவாய்கள் இரண்டையும் அதிகாரிகளே மூடிவிடுவார்கள். ரோட்ஸிலிருந்து மக்ளியர் போகும் நாடேஸ் நெக் 2,500 மீட்டருக்கு மேல் போகும் மண் சாலை, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உண்மையில் பனி விழும் நாளைவிட மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் ஆபத்து. பகலில் உருகிய நீர் இரவில் தார்ச் சாலைமேல் கண்ணாடியாக உறையும். பார்த்தால் வெறும் ஈரம் என்றுதான் தோன்றும். மலையின் தெற்கு முகத்துத் திருப்பங்களில் வெயிலே படாததால் மதியம் வரை அப்படியே கிடக்கும். போயே ஆக வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு மேல் கிளம்பி மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். கீழ் கியர், பிரேக்கை மிதிக்காமல் எஞ்சின் பிடியிலேயே இறக்கம். காரில் போர்வை, தண்ணீர், தின்ன ஏதாவது, டார்ச். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை ஓடவிடுவதென்றால் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பனிச்சறுக்குக்குப் போவதென்றால்

நம் பக்கத்திலேயே, ரோட்ஸுக்கு மேலே, 3,001 மீட்டர் உயர பென் மெக்டூயி மலைச்சரிவில் டிஃபின்டெல் இருக்கிறது. 1993 முதல் இயங்கிய இடம், தளம் 2,720 மீட்டரில். ஆனால் எல்லா வருடமும் திறப்பதில்லை. அதை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்குமுன் போன் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று லெசோத்தோவுக்குள் மலூட்டி மலையில் இருக்கும் ஆஃப்ரிஸ்கி. தளம் 3,050 மீட்டர், பெரிய சரிவு சுமார் ஒரு கிலோமீட்டர், ஜூனிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடக்கும். டர்பனிலிருந்து வருபவர்கள் என்3 வழியாக ஹாரிஸ்மித், அங்கிருந்து ஃபூரிஸ்பர்க், காலிடன்ஸ்பூர்ட் எல்லைச் சாவடி, பூத்தா-பூத்தே, பிறகு மோட்டெங் கணவாய் ஏற வேண்டும். டர்பன் தாத்தாக்களோடு இந்த வழியில் போனால் அவர்கள் சொல்லும் கதையைக் கேளுங்கள். 1891-இல் போட்ட சட்டப்படி, இந்த வழி கடந்துபோகும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்க முடியாது, 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை இருந்தது. ஜோஹன்னஸ்பர்க் போகும்போது வழியில் தங்க முடியாமல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் கடந்த தலைமுறை அது.

எல்லைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பிள்ளைகளுக்கு முழு விவரப் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். கார் வங்கிக் கடனில் இருந்தால் எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதம் தேவை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் லெசோத்தோ விசாவை மட்டும் பார்த்தால் போதாது, தென்னாப்பிரிக்காவுக்குள் திரும்பி வர உங்கள் அனுமதி இடம் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான். பணம் மாற்றத் தேவையில்லை, லெசோத்தோவின் லொட்டியும் நம் ராண்டும் ஒரே மதிப்பு, அங்கே ராண்ட் செல்லும்.

நீங்கள் சறுக்கப்போவது பெரும்பாலும் இயந்திரம் செய்த பனியில். இரவில் குளிர்ந்து காற்றும் வறண்டிருக்கும்போது பீரங்கி மாதிரிக் குழாயிலிருந்து தண்ணீரைத் தூவலாக அடிப்பார்கள், தரையில் விழுமுன் உறைந்துவிடும். அதனால்தான் சுற்றி மலையெல்லாம் பழுப்புப் புல்லாக இருக்க, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். படத்தில் பார்த்த ஆல்ப்ஸை எதிர்பார்த்து வந்தவர்கள் முகம் சுண்டிவிடும்.

முதல்முறை போகிறவர்கள் கட்டாயம் ஒரு மணி நேரப் பாடம் எடுங்கள். பூட்ஸுக்குள் ஒரே ஒரு நீளமான சாக்ஸ், இரண்டு போட்டால் மடிந்து காலை அறுக்கும். நின்றால் கெண்டைக்கால் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கைத் தொட வேண்டும், பின்னால் சாய்ந்தால் கட்டுப்பாடு போய்விடும். ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளின் முனைகளை ஒன்றை நோக்கி ஒன்று குவித்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். அன்றைக்கு இதைக் கற்றாலே போதும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுங்கள். எழும்போது ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு எழுங்கள், இல்லாவிட்டால் எழுந்த வேகத்தில் மறுபடி போய்விடுவீர்கள். விடியற்காலையில் சரிவு கட்டி ஐஸாக இருக்கும், பத்து மணிக்கு மேல் நல்ல பதம். மூவாயிரம் மீட்டரில் தலைவலியும் மூச்சு வாங்குவதும் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், முதல் நாள் ஓடியாடாதீர்கள். இருதய நோய் இருக்கும் பெரியவர்களை டாக்டரிடம் கேட்காமல் அழைத்துப் போகாதீர்கள்.

சறுக்க வேண்டாம், பனியைத் தொட்டால் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. பனி விழுந்து இரண்டு நாள் கழித்து, சாலை காய்ந்ததும் பார்க்லி ஈஸ்ட் வந்து எங்கள் ஊர் மைதானத்தில் விளையாடிவிட்டுப் போகலாம்.

ஆகஸ்ட்: காற்றும் தீயும் கூழும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கேயும் சரிதான். மழையில்லாமல் காய்ந்த புல்வெளி, மேலே புழுதிக் காற்று. பண்ணைக்காரர்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே தீத்தடுப்புக் கீற்று எரித்து வைத்திருப்பார்கள். நீங்கள் வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி, விறகு அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கணப்புச் சாம்பலை மூடியுள்ள தகர டின்னில் இரண்டு நாள் ஆறவிட்ட பிறகே கொட்டுங்கள். சாம்பலுக்குள் தணல் உயிரோடு இருக்கும், காற்றடித்தால் பக்கத்துப் பண்ணையே போய்விடும்.

டர்பனில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம் இது. இங்கே கோயில் இல்லை. கேழ்வரகு கிடைக்காவிட்டால் மக்காச்சோள மாவில் காய்ச்சலாம், புளிக்க வைக்க அதே வொண்டர்பேக். சூடாகவே குடியுங்கள், சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் சோசா இனத்து அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் புளித்த சோளக் கஞ்சி உண்டு, அதனால் அறிமுகம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

செப்டம்பர், அக்டோபர்: இன்னும் முடியவில்லை

பீச் மரம் பூத்துவிட்டது, குளிர் போய்விட்டது என்று போர்வையை மூட்டை கட்டாதீர்கள். 2024 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய பனியில் டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவே என்3 நெடுஞ்சாலையே மூடிப்போனது. வான் ரீனன் கணவாய்ப் பக்கம் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுவதும் மாட்டிக்கொண்டன. அதில் பலர் கோடை உடையில் கிளம்பியவர்கள். காரில் வைத்த போர்வை அக்டோபர் கடைசி வரை காரிலேயே இருக்கட்டும்.

குழாய் உறையை மட்டும் கழற்றவே வேண்டாம், கோடை வெயிலிலிருந்தும் அது பிளாஸ்டிக்கைக் காக்கும். புகைபோக்கிக்காரரை இப்போதே பிடித்தால் அவருக்கும் நேரம் இருக்கும். கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும், தரையில் நட்டால் முதல் உறைபனியோடு சரி. மே முதல் வடக்கு ஜன்னலடியில் உள்ளே இருக்கட்டும், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றாலும் தூக்கிப் போடாதீர்கள், தண்டைக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அக்டோபர் நடுவில் பகலில் மட்டும் வெளியே, இரவில் உள்ளே. நவம்பர் வந்த பிறகு வெளியிலேயே விட்டுவிடலாம்.